தொப்பிக் கயிற்றில் சாயம் ஏற: பாலிபுரொப்பிலீனில் களிமண் கலந்து பார்த்த அனுபவம்

அக்கா கோத்தகிரியில் கம்பளித் தொப்பி பின்னி விற்கிறாள். காதை மூடும் தொப்பி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட இரண்டு பக்கமும் கயிறு. கம்பளி எந்த நிறத்திலும் கிடைக்கிறது. கயிறுதான் எப்போதும் வெள்ளை. பருத்திக் கயிறு போட்டால் மூடுபனியில் ஊறி, தாடையில் ஈரத்துணி ஒட்டின மாதிரி இருக்கிறது என்று வாங்கினவர்களே திருப்பிக் கொண்டுவந்து சொன்னார்கள். நைலானில் சாயம் சுலபமாக ஏறும், ஆனால் அதுவும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கும், முடிச்சும் வழுக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு ஈரத்தை உள்ளே வாங்கவே வாங்காது. தண்ணீரில் மிதக்கிற அளவுக்கு லேசு. உதறினால் காய்ந்துவிடும். மலைக்கு அதுதான் சரி.

"ஏண்டா, பன்னிரண்டு வருஷம் திருப்பூர்ல சாயப்பட்டறையிலதானே இருந்தே, இந்தக் கயித்துக்கு ஒரு கலர் ஏத்தித் தரக் கூடாதா?" என்று அக்கா கேட்டது போன ஆகஸ்டில். முடியாது என்று உடனே சொன்னேன். அது உண்மையும்கூட. பாலிபுரொப்பிலீன் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். பருத்தியில், கம்பளியில், நைலானில் சாயத்தைப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒரு கை நீட்டியிருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. மெழுகின் மேல் எழுதின மாதிரி. அதனால் ஆலைகளில் இதை உருக்கும்போதே நிறமியைக் கலந்து இழையாக இழுத்துவிடுவார்கள். அப்படி வாங்க வேண்டுமென்றால் ஒரு நிறத்துக்குக் குறைந்தபட்சமே நூற்றுக்கணக்கான கிலோ கேட்பார்கள். ஒரு தொப்பியின் கயிறு ஒரு கிராம்கூட வராது.

பாலியெஸ்டரும் மனதில் வந்தது. ஆனால் அதற்கு 130 டிகிரி வேண்டும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கரில் வைத்தாலும் கீழே சமவெளியில் 120 வருகிற இடத்தில் இங்கே 117 தான், ஏனென்றால் வெயிட் கொடுக்கிற அழுத்தம் ஒன்றுதான் என்றாலும் அது ஏறி உட்காருகிற வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு. பாலிபுரொப்பிலீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அந்த இழை சாதாரணக் குளிரிலேயே உள்ளுக்குள் தளர்ந்துதான் இருக்கிறது. சூடு போதும். சாயம் உட்கார இடம்தான் இல்லை.

அந்த இடத்தைக் களிமண் தரும் என்பது பட்டறையில் இருந்த காலத்தில் படித்தது. ஜப்பானில் டொயோட்டா ஆய்வுக்கூடத்தில் 1980-களின் இறுதியில் நைலானுக்குள் களிமண்ணை மிக மெல்லிய தகடுகளாகப் பிரித்துக் கலந்தார்கள். அது வலுவுக்காக. 2000-களில் அதே வழியில் பாலிபுரொப்பிலீனைச் சாயமேற்றும் முயற்சிகள் வந்தன. எல்லாக் களிமண்ணும் இதற்கு ஆகாது. மான்ட்மோரிலோனைட் என்கிற வகை வேண்டும். அதன் ஒரு தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தகடுகளுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு, அதைச் சமன்செய்ய நடுவில் சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். அந்தச் சோடியத்தை எழுப்பிவிட்டு வேறு நேர்மின் பொருளை உட்காரவைக்கலாம். இந்த வேலையின் மொத்த சூட்சுமமும் அங்கேதான்.

முதலில் மண் தேடினேன். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் இருக்கிற செம்மண். உடுமலை பக்கம் உறவுக்காரர் தோட்டத்துக் கரிசல். மேட்டுப்பாளையத்தில் எர்த்திங் குழிக்குப் போட விற்கிற, மான்ட்மோரிலோனைட் நிறைந்த பெண்டோனைட் பொடி. மூன்றையும் ஒப்பிட, மீன்தொட்டிக் கடையில் மெத்திலீன் ப்ளூ என்கிற நேர்மின் சாயம் வாங்கினேன். சோடியத்தின் இடத்தில் அது எவ்வளவு உட்காருகிறதோ, மண் அவ்வளவு நல்லது. ஒரு சதவீதக் கரைசல் என்று பாட்டிலில் போட்டிருந்தது.

இந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கண்ணால் பார்க்க அவ்வளவு தெளிவானது. ஒரு கிராம் மண்ணைக் கல் நீக்கிச் சலித்து, 50 மில்லி தண்ணீரில் கலக்கி, மெத்திலீன் ப்ளூவை ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குச்சியில் தொட்டு வடிதாளில் ஒரு சொட்டு வைக்க வேண்டும். மண்ணுக்கு இன்னும் பசி இருந்தால், நடுவில் கருநீலப் புள்ளி, சுற்றிலும் வெறும் தண்ணீர் வளையம். மண் நிறைந்துவிட்டால், புள்ளியைச் சுற்றி இளநீலத்தில் ஒரு ஒளிவட்டம் கசியும். செம்மண்ணில் 2 மில்லியிலேயே வட்டம் வந்துவிட்டது. மலைச் செம்மண்ணில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட் என்கிற வேறு வகைக் களிமண், அதற்கு அயனியை மாற்றிக்கொள்ளும் திறன் மிகக் குறைவு. கரிசல் 12 மில்லி வரை தாங்கியது. பெண்டோனைட் 27. ஆறு ஏழு மில்லி விட்டு அந்தக் கிளாஸை அரைமணி நேரம் சும்மா வைத்தால் மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி நிற்கிறது, அடியில் நீலச் சேறு.

கரிசலின் 12 என்னை ரொம்பவே சந்தோஷப்படுத்தியது. கோடையில் கால் நுழைகிற அளவு வெடிக்கிறதே, மழையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாதே, அந்தக் குணம் முழுக்க இதே தகடுகளுக்குள் தண்ணீர் போய் வருவதால்தான். ஆனால் கரிசலில் மணலும் சுண்ணாம்பும் நிறைய. இழைக்குள் ஒரு மணல் துகள் வந்தாலும் அங்கே அறும். பெண்டோனைட்டையே எடுத்துக்கொண்டேன்.

சாதா பெண்டோனைட்டை அப்படியே உருகின பிளாஸ்டிக்கில் போட முடியாது. அது தண்ணீரை விரும்புகிற பொருள், பாலிபுரொப்பிலீன் எண்ணெய் மாதிரி. சோடியத்தை எழுப்பிவிட்டு நீண்ட கொழுப்பு வால் உள்ள ஒரு நேர்மின் மூலக்கூறை உட்காரவைத்தால் இரண்டு வேலை நடக்கும். வால் பிளாஸ்டிக்கோடு ஒட்டும். நேர்மின் தலை, எதிர்மின்னூட்டமுள்ள ஆசிட் சாயத்தை இழுக்கும். நான் எடுத்தது செட்டில் டிரைமெத்தில் அமோனியம் புரோமைடு. ஆய்வகக் கடைகளில் சி.டி.ஏ.பி. என்று கேட்டால் தருவார்கள். அளவு, மெத்திலீன் ப்ளூ கணக்கிலிருந்தே வந்துவிட்டது: 27 மில்லி என்றால் 100 கிராம் மண்ணுக்கு ஏறத்தாழ 85 மில்லி ஈக்விவலன்ட் (மண் மாற்றிக்கொள்ளும் மின்னூட்டத்தின் அளவு). 50 கிராம் மண்ணுக்கு 15.5 கிராம் சி.டி.ஏ.பி.

முதல் தடவை இங்கேதான் சறுக்கினேன், தெரியாமலே. சாயங்காலம் வெந்நீரில் சி.டி.ஏ.பி.யைக் கரைத்து வைத்துவிட்டு, பெண்டோனைட்டை இரண்டரை லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அவசரமாகக் கரைசலைச் சாய்த்து ஊற்றிக் கலக்கினேன். மண் திரிந்தது, வடித்தேன், காயவைத்தேன், அரைத்தேன், கோவைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அங்கே நண்பரிடம் முப்பரிமாண அச்சுக்கு இழை செய்கிற சின்ன எக்ஸ்ட்ரூடர் இருக்கிறது, பிளாஸ்டிக்கை உருக்கித் துளை வழியே தள்ளுகிற இயந்திரம், ஒற்றைத் திருகு. பாலிபுரொப்பிலீனோடு கலந்து 190 டிகிரியில் ஓட்டினோம். வந்த இழையில் விரலால் தடவினாலே தெரிகிற பருக்கள். இரண்டு மீட்டருக்கு ஒருமுறை அறுந்தது. மிஞ்சினதை ஊருக்குக் கொண்டுவந்து சிவப்பு ஆசிட் சாயத்தில் ஒரு மணி நேரம் வேகவைத்தேன். அலசினால் பழைய வெள்ளை. மண் கலந்த இழையும் கலக்காத இழையும் பக்கத்தில் பக்கத்தில், எது எது என்று தெரியவில்லை.

பத்து நாள் அதைத் தொடவே மனசு வரவில்லை. அப்புறம் ஒரு காலையில் அலமாரியில் மிச்சம் வைத்திருந்த சி.டி.ஏ.பி. கரைசல் பாட்டிலைப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம், மேலே தெளிந்த தண்ணீர். விஷயம் புரிந்துவிட்டது. இந்தப் பொருள் ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழே தண்ணீரில் கரைந்து நிற்காது. கீழே கோவையில் யாருக்கும் இது பெரிய பிரச்சினையாக இருந்திருக்காது. என் சமையலறையில் அன்று காலை 13 டிகிரி. நான் ஊற்றினது பெரும்பாலும் தண்ணீர், சரக்கு பாத்திரத்தின் அடியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் தடவை எல்லாம் சூட்டில் செய்தேன். ஊறின மண்ணை நன்றாகக் கலக்கி, இரண்டு நிமிடம் விட்டு, அடியில் தங்கின மணலை விட்டுவிட்டு மேல் கலங்கலை மட்டும் எடுத்தேன். மணலைக் காயவைத்து நிறுத்து, அந்த எடையைக் கழித்து சி.டி.ஏ.பி. கணக்கைத் திருத்தினேன். மண் கலங்கல் 60 டிகிரி, சி.டி.ஏ.பி. கரைசலும் 60 டிகிரி. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். வழுவழுவென்று கூழ் மாதிரி இருந்த கலங்கல், பாதி ஊற்றினதுமே பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்து, தண்ணீர் தனியாக நின்றது. இரண்டு மணி நேரம் அதே சூட்டில் கிளறிக்கொண்டே இருந்தேன். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, நுரை நிற்கும்வரை வெந்நீரில் அலசினேன். ஆறு அலசல் ஆயிற்று.

காயவைப்பது இங்கே தனிப் பாடு. ஐப்பசி மழையில் மூன்று நாள் பரத்தி வைத்தும் ஈரம் போகவில்லை. கடைசியில் சின்ன மின் அடுப்பில் 80 டிகிரியில் எட்டு மணி நேரம். காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. இதற்கென்றே ஒதுக்கின மிக்ஸி ஜாரில் அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்தேன். மூக்கு வாய் மூடிக்கொண்டுதான் அரைக்க வேண்டும், மிக நுண்ணிய தூசி.

எக்ஸ்ட்ரூடருக்குப் போகும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. முதல் தடவை நான் செய்யாமல் விட்டதும் அதுதான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவ வேண்டும். சாதா பெண்டோனைட் உடனே நனைந்து, உப்பி, இறங்கும். சரியாக மாற்றின மண் மேலேயே நிற்கும். விரலை உள்ளே விட்டு எடுத்தால்கூட நனையாது, விரல் மேல் காய்ந்த பொடிதான் ஒட்டியிருக்கும். முதல் தடவைப் பொடியில் மிச்சம் இருந்ததையும் தூவிப் பார்த்தேன். முக்கால்வாசி மூழ்கியது.

மறுபடி கோவை. இந்தத் தடவை நேராகக் கலக்கவில்லை. முதலில் பத்து சதவீத மாஸ்டர்பேட்ச், அதாவது பின்னால் வெறும் பிளாஸ்டிக்கோடு கலக்க வேண்டிய அடர்ந்த கலவை: பாலிபுரொப்பிலீன் 400 கிராம், மண் 50, மலியிக் அன்ஹைட்ரைடு ஒட்டின பாலிபுரொப்பிலீன் 50. அந்த மூன்றாவது சரக்கு, மண்ணுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கைகோத்துவிடுகிற பொருள். அதை இரண்டு தடவை ஓட்டி, வெட்டி, அதில் 150 கிராமை 350 கிராம் வெறும் பாலிபுரொப்பிலீனோடு கலந்து மறுபடி ஓட்டினோம். இறுதியில் மண் மூன்று சதவீதம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சரக்கை 80 டிகிரியில் காயவைத்தோம், கொஞ்சம் ஈரம் இருந்தாலும் இழைக்குள் குமிழ் வருகிறது. சூட்டை 190-ஐத் தாண்ட விடாமல் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் போனால் அந்த அமோனியம் சரக்கு சிதையத் தொடங்கும். அப்படியும் ஒரு முறை 210 வரை ஏறிவிட்டது, மீன் கவிச்சி மாதிரி நாற்றம் வந்து இழை மஞ்சளித்தது. சன்னலைத் திறந்துவைத்துத்தான் இந்த வேலை செய்ய வேண்டும்.

வெளியே வந்த இழை 0.4 மில்லிமீட்டர். 90 டிகிரி வெந்நீர்த் தட்டு வழியே விட்டு, ஒன்றுக்கு நாலு வேகத்தில் சுற்றுகிற இரண்டு உருளைக்கு நடுவில் இழுத்தோம். 0.2 ஆயிற்று. பருக்கள் முழுக்கப் போகவில்லை, ஆனால் நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டுதான். ஒரு துண்டு இழுக்காமலும் வைத்துக்கொண்டேன். ஆறு சதவீத மண் போட்டும் ஒரு ஓட்டம் பார்த்தோம்: நிறம் அப்படியொன்றும் கூடவில்லை, அறுபடுவது மட்டும் கூடியது. மண் எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு பிரிந்து பரவியிருக்கிறது என்பதுதான் கணக்கு. ஒற்றைத் திருகில் ஒரே ஓட்டத்தில் அது நடக்காது.

சாயத்துக்கு வருகிறேன். பத்து கிராம் இழை, 400 மில்லி தண்ணீர், 0.2 கிராம் சிவப்பு ஆசிட் சாயம், அசிட்டிக் ஆசிட் விட்டு பி.எச். 4. அடுப்பில் 94-ல் ஒரு மணி நேரம். பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் மண் இல்லாத வெறும் இழை. அலசினபோது வெறும் இழை வெள்ளையாகவே வந்தது. மண் இழை நல்ல செம்பருத்திச் சிவப்பு. அக்கா கையில் வாங்கி, சன்னல் பக்கம் கொண்டுபோய், கம்பளிக் கண்டோடு வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் திருப்பித் தரவும் இல்லை.

இழுக்காத துண்டில் நிறம் இன்னும் ஆழம். இழுத்தால் மூலக்கூறுகள் வரிசையாக நெருங்கி உட்கார்ந்துவிடுகின்றன, சாயம் உள்ளே போக வழி குறைகிறது. வலுவும் வேண்டும், நிறமும் வேண்டும் என்றால் நடுவில் எங்கோ நிற்க வேண்டும். நான் நாலுக்குப் பதில் மூன்று மடங்கோடு நிறுத்தலாம் என்று நினைக்கிறேன்.

பாலியெஸ்டருக்குப் போடுகிற, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத டிஸ்பர்ஸ் சாயத்தையும் நீலத்தில் பார்த்தேன், குக்கரில், நாற்பது நிமிடம். சாயக் கரைசலை எவர்சில்வர் டம்ளரில் வைத்து, சுற்றிலும் சாதாத் தண்ணீர். குக்கர் இதற்கென்றே வாங்கினது, இனி அதில் சோறு பொங்கக் கூடாது. நிறம் ஆசிட் சாயத்தைவிடப் பிரமாதம். காஸ்டிக் சோடாவும் நிறம் நீக்குகிற ஹைட்ரோஸும் லிட்டருக்கு இரண்டு கிராம் வீதம் போட்டு 70 டிகிரியில் கழுவி, மேலே ஒட்டியிருந்ததை எடுத்த பிறகும் அடர்நீலம். பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால், டிஸ்பர்ஸ் இழை உள்வரை நீலம். ஆசிட் இழையில் வெளியே சிவப்பு வளையம், நடுவில் வெளுத்த புள்ளி. எண்ணெய் மாதிரியான இழைக்குள் தண்ணீரை விரும்புகிற ஆசிட் சாயம் உள்ளே நடந்துபோகத் திணறுகிறது. பட்டறைக்காரன் கண்ணுக்கு நீலம்தான் ஜெயித்தது, நானும் அன்று ராத்திரி அப்படித்தான் முடிவு செய்தேன்.

மறுநாள் அக்கா ஒரு கேள்வி கேட்டாள்: "தலைக்கு எண்ணெய் வெச்சிட்டுப் போடுவாங்களே, அப்ப?"

தேங்காயெண்ணெய் பாட்டில் உறைந்து கிடந்தது. வெயிலில் வைத்து உருக்கி, வெள்ளைத் துணியில் நாலு சொட்டு விட்டு, இரண்டு கயிற்றையும் தனித்தனியாகச் சுற்றி, சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் ஒரு பகல் வைத்திருந்தேன். சாயங்காலம் பிரித்தால் நீலக் கயிறு இருந்த துணியில் நீல வரி வரியாகக் கறை. சிவப்புக் கயிற்றின் துணி எண்ணெய்ப் பசையோடு வெள்ளையாகவே இருந்தது. டிஸ்பர்ஸ் சாயம் இழைக்குள் கரைந்துதான் நிற்கிறது. எண்ணெய் வந்து கூப்பிட்டால் எழுந்து அதோடு போய்விடும். ஆசிட் சாயம் மண்ணின் நேர்மின் தலையோடு கட்டுண்டிருக்கிறது, எண்ணெயில் கரையவும் கரையாது. வளையமாகத்தான் ஏறியிருக்கிறது என்றாலும், தலையில் போடுகிற பொருளுக்கு அதுதான் சரி. துணிச் சோப்பில் சிவப்பு முதல் அலசலில் கொஞ்சம் கசிகிறது, காரத்தில் அந்தக் கட்டு தளர்வதால். கம்பளித் தொப்பியை யாரும் துணிச் சோப்பில் துவைக்கக் கூடாது. ஷாம்பூவில் துவைத்தபோது மூன்று அலசலிலும் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

மிச்சச் சாயத் தண்ணீரைப் பற்றி எழுதாமல் விட முடியாது. நொய்யல் ஓடின நிறத்தைப் பார்த்தவன் நான். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அங்கே வேலையில் இருந்தேன். இங்கே என் வீட்டுச் சாக்கடை நேராக ஓடைக்குப் போகிறது. அதனால் ஒவ்வொரு சாயக் கரைசலின் மிச்சத்தையும் வாளியில் சேர்த்து, சல்லடையில் தங்கின மாற்றின மண்ணின் குருணையை ஒரு பிடி போட்டுக் கலக்கி ராத்திரி முழுக்க வைக்கிறேன். காலையில் சிவப்பு முழுக்க அடியில் இறங்கியிருக்கிறது. மண்ணை அலசின சி.டி.ஏ.பி. தண்ணீர் இன்னும் மோசம், மீனுக்கு விஷம். அதில் சாதா பெண்டோனைட்டைப் போட்டு, கலக்கினால் நுரை வராத வரை பிடிக்கவைத்த பிறகுதான் வடிக்கிறேன். கசடைக் காயவைத்துத் தகர டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன். கீழே போகும்போது, தெரிந்த பட்டறை ஒன்றின் கசடோடு சேர்த்துவிட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது பன்னிரண்டு தொப்பியில் சிவப்புக் கயிறு இருக்கிறது. முப்பத்தாறு இழையை மூன்று புரியாக முறுக்கினது. வெள்ளைக் கயிற்றைவிடக் கொஞ்சம் விறைப்பு, முடிச்சு நிற்கிறது. கறுப்பு இன்னும் வரவில்லை. கறுப்பு ஆசிட் சாயத்தின் மூலக்கூறு பெரிசு, இந்தக் கனத்து இழைக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்று சாம்பல் நிறமாகத் தெரிகிறது. இழை மெலிந்தால் வளையமே முக்கால்வாசியாகிவிடும். அதற்காக இன்னும் சின்னத் துளையுள்ள பித்தளை டை (எக்ஸ்ட்ரூடரில் இழை வெளியே வருகிற வாய்) ஒன்று செய்ய மேட்டுப்பாளையத்தில் லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.